கதவுக்கு இரண்டு பக்கம்

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு அழைப்புமணி அடித்தது.

அவன் கதவைத் திறந்தான். வெளியே ஒரு ஏணி நின்றது. ஏணிக்குப் பின்னால் ஒரு மனிதர்.

"பெயிண்டர்," என்றார். "கடையிலேர்ந்து அனுப்பினாங்க. எல்லாம் பேசி முடிச்சாச்சாம். கதவு, ஜன்னல், நிலை. மர வேலை மட்டும். சரிதானே?"

அவன் யாரையும் வரச் சொல்லவில்லை. அப்படியானால் சொன்னது அவள்.

இது புரிந்ததும் அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"சரிதான். உள்ள வாங்க."

அந்த வீட்டில் ஒன்பது நாளாகக் கணவனுக்கும் மனைவிக்கும் பேச்சு இல்லை. அவளுடைய தங்கை வீட்டில் சாப்பிடப் போயிருந்தார்கள். அங்கே அவள் ஒரு கதை சொன்னாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ரயிலைத் தவறவிட்ட கதை. எல்லோரும் சிரிக்கப் போகிற இடத்தில் அவன், "பதினொண்ணு," என்றான். "பன்னிரண்டு இல்ல. பதினோரு வருஷம்." யாரும் சிரிக்கவில்லை. கணக்கு சரிதான். அதுதான் குற்றம்.

அவள் நூலகர். பேசாமல் இருப்பது அவளுக்குத் தொழில். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். பேசாமல் இருப்பது அவனுக்குத் தண்டனை.

ஏழாம் நாள் அவள் அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினாள். துடைத்தாள். கூடத்தில் வைத்தாள். தங்கை வீட்டில் ஓர் அறை காலியாக இருப்பது இருவருக்கும் தெரியும்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இவர்கள் வீட்டில் யாரும் வாயால் மன்னிப்புக் கேட்டதில்லை. அதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். இறங்கி வருகிறவர், வீட்டில் நெடுநாளாகக் கிடக்கும் ஒரு வேலையைச் செய்து முடித்துவிடுவார். ஒருமுறை அவன் ஒழுகும் குழாயை மாற்றினான். ஒருமுறை அவள் அவனுடைய பதினான்கு சட்டைக்கும் பட்டன் தைத்தாள். மற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீயா செய்தாய் என்று கேட்கக் கூடவே கூடாது. கேட்டால் மன்னிப்பு செல்லாது. பேசாமல் ஏற்றுக்கொண்டு, இரண்டொரு நாளில் பழையபடி ஆகிவிட வேண்டும்.

குழாயையும் பட்டனையும் பார்க்கும்போது இது மிகப் பெரிய மன்னிப்பு. ஏணியோடு வந்திருக்கிறது.

அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஏணியைப் பார்த்தாள். பெயிண்டரைப் பார்த்தாள். கடைசியாக அவனைப் பார்த்தாள், ஒரு நொடி. உள்ளே போனாள். வரும்போது மூன்று டம்ளர் தேநீர் இருந்தது. ஒன்பது நாளாக அவன் டம்ளரைச் சத்தத்தோடு வைத்தவள் அன்று சத்தமில்லாமல் வைத்தாள்.

வேறென்ன வேண்டும்.

பெயிண்டர் தேநீரைக் குடித்துவிட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தார்.

"வாட்டர் பெயிண்டா, ஆயில் பெயிண்டா? சீட்டுல எழுதல."

"எது நல்லது?"

"ரெண்டும் நல்லதுதான் சார். ஆயில்னா முகம் பாக்கலாம், அப்படிப் பளபளக்கும். ஆனா காய ஒரு நாள் ஆகும், வீடே நாறும், வெள்ளைன்னா ரெண்டு மூணு வருஷத்துல மஞ்சளாயிடும். வாட்டர்னா நாத்தம் இல்ல, ரெண்டு மணி நேரத்துல காஞ்சிடும், வெள்ளை வெள்ளையாவே இருக்கும். ஆனா அந்தப் பளபளப்பு வராது."

"அப்போ எதை அடிக்கறது?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்."

அவன் பிழைப்பே இதுதான். ஒரு நாளைக்கு நாற்பது பேர் கண்ணில் வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பான். பதில் சொல்லத் திணறுகிறவர்களை இதுவரை கொஞ்சம் இளக்காரமாகத்தான் நினைத்திருந்தான்.

அவள் வரவழைத்திருக்கிறாள் என்றால் மனதில் ஒன்றை வைத்திருப்பாள். மாற்றிச் சொல்லிவிட்டால், இறங்கி வந்தவளைக் காலால் தள்ளியதாக ஆகும்.

"அம்மாகிட்ட கேளுங்க," என்றான்.

பெயிண்டர் சமையலறைக்குப் போய் வந்தார்.

"ஐயா சொல்றபடி செய்யச் சொன்னாங்க."

"அம்மாவுக்கு எது பிடிக்குமோ அதுவே போதும்னு சொல்லுங்க."

போனார். வந்தார்.

"உங்களுக்கு எது பிடிக்குமோ அதுவே போதுமாம்."

"அப்படி இல்ல, அவங்களுக்கு—"

"சார், சமையலறை இங்கேருந்து பன்னிரண்டு அடி. நீங்களே கேட்டுடலாம்."

"அது சரியா வராது."

பெயிண்டர் குரலைத் தாழ்த்தினார். "எத்தனை நாளாச்சு?"

"ஒன்பது."

"எங்க வீட்ல ஒரு தடவை இருபத்திரெண்டு. எதுக்குன்னு ரெண்டு பேருக்கும் மறந்துபோச்சு. அப்புறம்தான் பேசினோம்."

அவன் யோசித்தான். அவளுக்கு மூக்கு கூர்மை. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே ஒரு புத்தகம் எத்தனை வருடப் பழசு என்று சொல்வாள். ஆயில் நாற்றத்தை அவள் கேட்டிருக்க மாட்டாள்.

"வாட்டர்," என்றான்.

அவள் வேலைக்குக் கிளம்பிப் போனாள். அவன் கடைக்குப் போன் செய்து விடுப்புச் சொன்னான்.

"கூடத்துக் கதவுலேர்ந்து ஆரம்பிக்கறேன்," என்றார் பெயிண்டர். "ஆனா பழசு ஆயில். அது மேல நேரா வாட்டர் அடிக்கக் கூடாது. இன்னிக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு பிரைமர் அடிக்கறேன். நாளைக்கு—"

"நாலு மணிக்கு அவ வந்துடுவா. அப்போ கதவு வெள்ளையா இருக்கணும்."

"தேய்க்காம அடிச்சா நிக்காது சார்."

"நிக்கும்."

பெயிண்டர் வாதாடவில்லை. வீட்டுக்காரர்கள் சொல்வதைச் செய்வதும், பிறகு அதையே மறுபடி செய்வதும்தான் அவர் தொழில்.

நாலு மணிக்குக் கதவு வெள்ளையாக இருந்தது. அவள் வந்தாள். பையை வைத்தாள். கதவின் முன்னால் நின்று பார்த்தாள். பிறகு பெயிண்டரிடம் பேசினாள்.

"நல்லா இருக்கு. பளபளப்புதான் கொஞ்சம் கம்மியோ?"

அவன் கூடத்து விளக்கைப் போட்டுப் பார்த்தான்.

கதவில் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருந்தது. அதை அவள் நகத்தால் தொட்டாள். வெந்த உருளைக்கிழங்கின் தோல் போல ஒரு முழ நீளத்துக்கு உரிந்து வந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சுற்றும்முற்றும் பார்த்தாள். மெதுவாக, எடுத்த இடத்திலேயே ஒட்ட வைத்தாள். திட்டியிருந்தால் அவன் நிம்மதியாக இருந்திருப்பான்.

அன்று மாலை அவன் மாடிப்படியில் நின்று சகலைக்குப் போன் செய்தான்.

"உங்க வீட்டுக் கதவுக்கெல்லாம் என்ன பெயிண்ட் அடிச்சீங்க?"

"ஆயில். போன மாசம்தான். அந்தக் காலி அறைக் கதவு கண்ணாடி மாதிரி இருக்கு. ஏன்?"

"சும்மாதான்."

சகலை குரலைக் குறைத்தார். "நான் சொன்னதா இருக்க வேண்டாம். உங்க கொழுந்தியா அந்த அறையில கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருக்கா."

அவனுக்கு எல்லாம் விளங்கியது. அங்கே ஒரு கதவு பளபளத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருக்கிறது. இங்கே ஒரு கதவு தோல் உரிந்து நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் ஏணியைச் சாய்ப்பதற்கு முன்பே அவன் சொன்னான். "ஆயில்."

"நேத்து வாட்டர்னீங்களே."

"நேத்து நேத்து."

அடித்ததை எல்லாம் தேய்த்து எடுத்தார். வீடு முழுக்க வெள்ளைத் தூள் பறந்தது. மேசை வெள்ளை. அவள் புத்தகங்கள் வெள்ளை. அவன் புருவம் வெள்ளை. பெயிண்டர் கூடத்துப் பெட்டி மேல் பழைய செய்தித்தாளைப் போட்டு மூடினார்.

"யாராவது ஊருக்குப் போறீங்களா?"

"எனக்குத் தெரியாது," என்றான் அவன்.

"இன்னும் முடிவாகல," என்றாள் அவள், சமையலறையிலிருந்து. அதுவும் பெயிண்டரிடம்தான்.

பெயிண்டர் இருவரையும் பார்த்தார். செய்தித்தாளை இன்னும் ஒரு மடிப்புப் போட்டு மூடினார்.

மத்தியானம் கூடத்துக் கதவும் ஜன்னலும் ஆயிலில் பளபளத்தன. முகம் பார்க்கலாம் என்றது பொய்யில்லை. அவன் பார்த்தான். முகம் கவலையாக இருந்தது.

பிறகு நாற்றம் எழுந்தது. கண்ணைக் கரித்தது. தேநீரில்கூட டர்பன்டைன் மணத்தது. அவள் காற்றுக்காக ஜன்னலைத் திறந்தாள். உள்ளங்கை முழுக்க வெள்ளை. திறந்த ஜன்னல் வழியாகச் சின்னச் சின்னப் பூச்சிகள் வந்து ஈரக் கதவில் ஒட்டின. அவள் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, புருவம் திருத்தும் இடுக்கியால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தாள். கண்ணில் நீர் வழிந்தது.

"வாசனை தாங்குதாம்மா?" என்று பெயிண்டர் கேட்டது அவன் காதில் விழுந்தது.

"பரவாயில்ல," என்றாள்.

இதற்கு முன் அவள் 'பரவாயில்ல' என்று சொன்னவை எல்லாம் சீக்கிரமே வீட்டை விட்டுப் போயிருக்கின்றன. ஒரு சோபா. ஒரு சுவர்க்கடிகாரம். அவனுடைய மீசை.

சாயங்காலம் பெயிண்டரைப் படிக்கட்டு வரை வழியனுப்பப் போனான்.

"நாளைக்குப் படுக்கையறை. அதுக்கு வாட்டர். சொன்னபடி தேய்ச்சு, பிரைமர் போட்டே அடிங்க. நாத்தம் வரக் கூடாது."

"ஒரே வீட்ல ரெண்டா? சார், ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்."

"இருக்கட்டும்."

திங்கட்கிழமை அவன் கடைக்குப் போக வேண்டியிருந்தது. நூலகத்துக்கு விடுமுறை, அவள் வீட்டில் இருந்தாள். மத்தியானம் ஒரு பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து வில்லை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"பிரைமர் ஆச்சு சார்," என்றார் பெயிண்டர். "ஆனா அம்மா ஆயில் அடிக்கச் சொல்றாங்க."

"ஆயிலா? அவங்களுக்குத்தான் நாத்தம் ஆகாதே."

"நானும் சொன்னேன். ஐயாவுக்குப் பளபளன்னு இருந்தாத்தான் பிடிக்கும்ங்கறாங்க."

அவன் நெற்றியைத் தேய்த்தான். அவளுக்குப் பளபளப்புப் பிடிக்கும் என்றுதான் அவன் ஆயில் சொன்னான். அவன் ஆயில் சொன்னதால் அவனுக்கு அது பிடிக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். வரவழைத்தவள் அவள். அவளுக்கு என்னதான் வேண்டும்?

"தம்பி," என்றார் நாற்காலியில் இருந்த பெரியவர். "இது தெளிவா அது தெளிவான்னு கேட்டுட்டுப் போயிட்டீங்களே. சொல்லட்டுமா?"

"கொஞ்சம் இருங்க. எனக்கே ஒண்ணும் தெளிவா இல்ல."

போனில் பெயிண்டர் பெருமூச்சு விட்டார். "மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் அடி வாங்கறேன் சார். நானே ஒரு முடிவு பண்ணிட்டேன்."

"என்ன?"

"கதவுக்கு ரெண்டு பக்கம் இருக்கு. கூடத்துப் பக்கம் ஆயில். உள்பக்கம் வாட்டர். நிலைக்கு ஆயில்."

"விளிம்புக்கு?"

பெயிண்டர் இதை யோசிக்கவில்லை என்று தெரிந்தது.

"விளிம்புல ரெண்டும் சந்திக்கும் சார்."

ஆறு மணிக்கு அவன் வீட்டுக்கு வந்தான். பெயிண்டர் குளியலறையில் கை கழுவிக்கொண்டிருந்தார். கூடத்தில் பெட்டி இல்லை. அது நின்ற இடம் மட்டும் தூள் படியாமல் நீள்சதுரமாகச் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் செய்தித்தாள் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அவனுக்கு மூச்சு நின்றது. அந்த நாற்றத்தில் அது நல்லதுதான்.

படுக்கையறைக் கதவு ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்துப் பாதி திறந்திருந்தது. உள்ளே ஓடினான். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. அவள் அதன் பக்கத்தில் நின்றாள், கையில் துணியோடு. ஓடிய வேகத்தில் அவன் கால் மரத்துண்டைத் தட்டிவிட்டது.

"கதவு சாத்திக்கப் போகுது," என்று பெயிண்டர் குளியலறையிலிருந்து கத்தினார்.

அதற்குள் அது மெல்ல வந்து நிலையில் பொருந்தியது. முத்தம் கொடுப்பது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

இருவரும் கதவைப் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள்.

"கைப்பிடி எங்க?"

பதினோரு நாளில் முதல் பேச்சு. யார் முதலில் பேசியது என்று யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவு சரியாக ஒன்றாக வந்தது.

"கைப்பிடி எல்லாம் என் பையில இருக்கு," என்றார் பெயிண்டர், கதவுக்கு வெளியே. "பெயிண்ட் படக் கூடாதுன்னு கழட்டி வெச்சேன். தள்ளாதீங்க, இழுக்காதீங்க. ஒட்டிக்கிச்சு. விளிம்பைக் கத்தியால கீறி எடுக்கணும். கத்தி கீழ வண்டில இருக்கு. உள்ள ஒண்ணும் அவசரம் இல்லையே?"

"இல்ல," என்றாள் அவள்.

காலடிச் சத்தம் படியில் இறங்கிப் போனது.

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். நடுவில் பெட்டி. அதில் பாதிக்குத் துணி இருந்தது.

"உள்ள வைக்கறியா, வெளிய எடுக்கறியா?" என்று கேட்டான்.

"ஊருக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்றீங்க. வெளிய எடுக்கறது தெரியல?"

அவன் தலையை ஆட்டினான்.

"எப்போ உள்ள வெச்ச?"

"வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலைல எட்டு மணிக்கு வண்டி சொல்லியிருந்தேன்."

"எட்டு மணிக்கா?"

"ஆமா. ஏழு பத்துக்குப் பெயிண்டர் வந்துட்டார். வண்டியை வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். ஏழு மணிக்குப் பெயிண்டரையும் வரச் சொல்லி, எட்டு மணிக்கு வண்டியையும் வரச் சொல்வாளா? ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று என்றா? எதை முதலில் சொன்னாள்? கேட்க வாயெடுத்தான்.

"வேண்டாம்," என்றாள் அவள். "அதைப் பத்திப் பேசக் கூடாது. பேசினா செல்லாது."

அவன் வாயை மூடிக்கொண்டான்.

"ஆனா ஒண்ணு," என்றாள். "இவ்வளவு தூரம் இறங்கி வருவீங்கன்னு நான் நினைக்கல."

விடுப்புப் போட்டதும், தூசியில் இரண்டு நாள் நின்றதும் அவன் நினைவுக்கு வந்தன. அதைக்கூடக் கவனித்திருக்கிறாள்.

"நானும் நினைக்கல," என்றான்.

அவள் ஒரு துணியை மடித்து அலமாரியில் வைத்தாள்.

"பதினொண்ணுதான். அன்னிக்கே எண்ணிப் பாத்தேன்."

"பன்னிரண்டாவே இருக்கட்டும். கதைக்கு அதுதான் நல்லா இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த துணியை எடுக்கக் கொஞ்சம் தாமதமானது.

"உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு எது பிடிக்கும்? வாட்டரா, ஆயிலா?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். உனக்கு?"

"எனக்கும் ஒண்ணுதான். சொல்லப்போனா, பழைய பெயிண்டே நல்லாத்தான் இருந்துச்சு."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு."

இருவரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்கள். இருவர் முகத்திலும் ஒரே கேள்வி இருந்தது. இருவரும் வீட்டு வழக்கத்தை மீறவில்லை.

பெயிண்டர் கத்தியோடு வந்தார். விளிம்பைச் சுற்றிக் கீறினார். கதவு துணி கிழிவது போலச் சத்தம் போட்டுத் திறந்தது. ஆயில் வாட்டரையும், வாட்டர் பிரைமரையும் பிய்த்துக்கொண்டு வந்திருந்தன. மூன்று இடத்தில் வெறும் மரம் தெரிந்தது.

"இரண்டுங்கெட்டான் கதவு," என்றாள் அவள்.

"நாளைக்கு மறுபடி தேய்க்கணும்," என்றார் பெயிண்டர். "இப்போ ரெண்டு பேரும் பேசறீங்க. சந்தோஷம். இப்பவாவது ஒண்ணு சொல்லுங்க. வாட்டரா, ஆயிலா?"

"நீ சொல்லு."

"நீங்க சொல்லுங்க."

"உனக்காகத்தானே. நீ சொல்லு."

"எனக்காகன்னுதான் தெரியுதே. அதான், நீங்க சொல்லுங்க."

பெயிண்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அழைப்புமணி அடித்தது. மேல் மாடியில் குடியிருக்கும் பல் டாக்டரம்மா. படியில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. இதுவரை மணி அடித்து வந்ததில்லை. வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்தார். ஏணியைப் பார்த்தார். தரையில் இருந்தவரைப் பார்த்தார்.

"கடையிலேர்ந்து வந்த பெயிண்டர் நீங்கதானா?"

"ஆமாம்மா."

டாக்டரம்மா கணவனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு மூணாவது மாடிக்கு ஆள் அனுப்பச் சொல்லிட்டு, மூணு நாளா கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கடைக்குப் போன் பண்ணா, ஆள் வந்தாச்சு, வேலை நடக்குதுன்னே சொல்றாங்க. உங்க ரெண்டு பேர்ல யாரு இவரை இங்க வரச் சொன்னது?"